சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் சாவி

கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன், உங்கள் பேரையும் சொல்லமாட்டேன். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிற ஐயா, உங்கள் லைனில் தைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் மெஷினைப் பிடுங்கியது நீங்கள்தான். வேலைக்குச் சேர்ந்தபின் ஒரே ஒரு வலிப்பு, அதுவும் கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பில். மறுநாளே "உடம்பு சரியானா வா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

வலிப்பு நோய் ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் வெள்ளைக் கோட்டையும் ஏசி அறையையும் நினைத்துக்கொள்கிறார்கள். என் ஆராய்ச்சியில் பாதி செருப்புத் தேய்வது, மீதி வாய்ச்சண்டை. பூந்தமல்லி மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றுப் படித்தவள் நான். பேரம் கைவந்தது, கோபம் மூக்கு நுனியில். கேள்வித்தாளோடு வீடு வீடாகக் கதவு தட்டுகிற சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சாவி வைத்தியம்

அன்று அதே பஸ் ஸ்டாப்பில் நானும் நின்றிருந்தேன். யாருக்காவது வலிப்பு வந்தால் நம் ஆட்களின் கை தானாக இரும்பைத் தேடும். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஸ்டெல்லாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் ஓர் ஆட்டோக்காரர் அவள் கையில் சாவியைத் திணித்தார்.

"எடுய்யா அதை! தானா நிக்கும்!" என்று கத்தினேன். இரண்டு நிமிடத்தில் தானாகத்தான் நின்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கணுமே!

"இன்னாக்கா, சும்மா கத்திகினு கீற? பாத்தியா, நம்ம ஆட்டோ சாவி பவரு!"

ஜெபக் கணக்கு

"வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது?" எங்கள் கேள்வித்தாளிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒருவர், "அம்பத்தூர்ல ஆரம்பிச்சு பட்டரவாக்கம் வர்றதுக்குள்ள நின்னுடுச்சு" என்று ரயில் கணக்குச் சொன்னார். ஸ்டெல்லாவுக்கு முன்பு வீட்டிலும் சில முறை வந்திருக்கிறது. வேப்பம்பட்டில் அவள் அம்மா மேரியக்காவைக் கேட்டேன். "எப்பவும் மூணு 'அருள் நிறைந்த மரியே' சொல்ற நேரம்" என்றார்.

விடுவேனா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜெபத்தைச் சொல்லச் சொன்னேன். மூன்றுக்கு ஒரு நிமிடம் ஆனது. "பொண்ணு விழுந்தப்ப சொன்ன மாதிரி சொல்லுங்க" என்றேன். பாதி நேரத்தில் முடித்துவிட்டார். எதை எழுதுவது என்று தலையைச் சொறிந்தேன்.

"ரெண்டையும் எழுதிக்கம்மா. எது சரின்னு மாதாவுக்குத் தெரியும்."

மாத்திரை பேரம்

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் வலிப்பு வரவில்லை. மேரியக்கா மாத்திரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"ஆறு மாசம் போதாதா?"

"குறைஞ்சது ரெண்டு வருஷம். அப்பவும் டாக்டர் சொன்னாத்தான் நிறுத்தணும்."

"ஒன்றரைன்னு வெச்சிக்கயேன்."

கத்தரிக்காயில்கூட இப்படிக் கசக்கிப் பிழிந்தவர்கள் கிடையாது. பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினேன். மார்க்கெட்டில் எப்போதும் பலிக்கிற வித்தை. மூன்றாம் படியில் குரல் வந்தது.

"ஏம்மா கோவிச்சிக்கிற? ரெண்டே இருக்கட்டும். டீயக் குடிச்சிட்டுப் போ."

நான் விழுந்தேன்

இரண்டு வருஷம் ஓடிவிட்டது, ஒரு வலிப்பு இல்லை. தையல் மெஷினில் உட்காரலாம் என்று டாக்டரே கடிதம் கொடுத்தார். நீங்களோ மூன்று தடவை "பார்க்கலாம்" என்றீர்கள். நான் உங்கள் மேனேஜரைப் பிடித்து, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று காட்டுவதற்குச் சாப்பாட்டு வேளையில் கால் மணி நேரம் வாங்கினேன். ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கேன்டீன் தரையில் விழுந்து கைகால் உதறினேன். முதலில் ஓடிவந்தது யார்? நீங்கள்தான், ஐயா. உங்கள் ஸ்கூட்டர் சாவியை என் கையில் திணித்தீர்களே! தகரக் கூரை அதிர லைன் பெண்கள் சிரித்தார்கள். நான் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா வந்து என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உங்களைப் பார்த்தாள்.

"சார், சாவியெல்லாம் வேணாம். என் மெஷினைக் குடுங்க."

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இரும்புக்கு அடங்கிய வலிப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதால், ஐயா, உங்கள் சாவி இன்னும் என் மேஜை டிராயரில் சும்மாதான் கிடக்கிறது, ஸ்டெல்லாவை மெஷினில் உட்காரவைத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டு போங்கள், இதில் மட்டும் பேரம் கிடையாது.