ரசமட்டம் அடுக்கிய கோணல் சுவர்

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. ரசமட்டம் என்றால்தான் தெரியும். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் அந்தக் கருவி இல்லாமலேயே கோணலைக் கண்டுபிடித்துவிடுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் ஜன்னல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவைத்தார். பெண் கிடைக்கவில்லை, ஜன்னலைச் சரிபண்ணும் வேலை கிடைத்தது.

கடல் சாலையை அரிக்க ஆரம்பித்ததும், கரையில் பாறைகளை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்ப ஆள் எடுத்தார்கள். அக்காவின் தையல் கடைக்கு எதிரே இருந்த பகுதியை ரசமட்டம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தையல் மெஷினை மிதித்துத்தான் அக்கா அவரை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். அவள் கண்ணெதிரே கோணலாக ஒன்று நிற்கலாமா?

கிரேன் ஓட்ட வந்திருந்த ஒரு அம்மா ஒவ்வொரு பாறையாகத் தூக்க, இவர் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் இடது... ஒரு விரல்கடை... ஆங்!” என்று கூவுவார்.

“யோவ், பாறையை இறக்கறேனா, குழந்தையைத் தொட்டில்ல போடறேனா?”

முடிந்தபோது சந்தில் எறும்பு நுழைய இடமில்லை. ஊரே வந்து பார்த்தது. பிறகு கடலும் வந்து பார்த்தது. மோதிய அலைக்கு உள்ளே போக வழியில்லை. வழவழப்பில் சறுக்கி மேலேறி, சாலையைத் தாண்டி, கடைக்குள் குதித்தது. தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடை மொத்தமும் உப்புத்தண்ணீரில் ஊறிப்போனது.

“டேய், கடலுக்குப் படிக்கட்டா கட்டிக் குடுத்திருக்கே?” அக்கா சீருடைகளைப் பிழிந்துகொண்டே கேட்டாள். “இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா கடையை மூடிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். உங்க மாமாவையும் கூட்டிக்கிட்டு.”

மாமாவின் குறட்டைக்கு வீட்டுக் கூரையே தாங்காது. அதைவிட, மெஷினைத் துடைத்த அக்காவின் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

கடை வாசலில் உட்கார்ந்து கடலையே முறைத்தார். பக்கத்தில் லாரிகள் கண்டபடி கொட்டிவிட்டுப் போன பாறைக் குவியல். அங்கேயும் அலை ஆவேசமாகத்தான் வந்தது. ஆனால் சந்துபொந்துகளில் புகுந்து, சுற்றிச் சுற்றிக் களைத்து, புஸ்ஸென்று போனது.

மேஸ்திரியிடம் போய், “தப்பு என்னுதுதான், பிரிச்சு அடுக்கறேன்” என்று அனுமதி வாங்கினார். கிரேன் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

“கழுத்து சுளுக்க அடுக்கினதை எடுக்கணுமா?”

“எடுத்து, கோணலா வைக்கணும்.”

கோணல் என்றால் இஷ்டத்துக்குக் கொட்டுவதில்லை. பாறை அசையாமல் உட்காரவும் வேண்டும், நடுவில் சந்தும் வேண்டும். அவர் கை பழக்கதோஷத்தில் ஒழுங்குபடுத்தப் போகும். “யோவ், நேராக்கறே!” என்று மேலிருந்து சத்தம் வரும்.

கடல் மறுபடி பொங்கிய நாளில் ரசமட்டம் சாலையில் நின்றார். மலை மாதிரி ஒரு அலை எழுந்து வந்தது. பாறைகளுக்குள் புகுந்தது. கடகடவென்று சத்தம், கொஞ்சம் நுரை. அவ்வளவுதான். சாலை காய்ந்தே கிடந்தது.

பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரர் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எவன் அடுக்கினான் இதை? கண்ணு தெரியாதவனா?”

ரசமட்டம் வாயைத் திறப்பதற்குள் கடைக்குள் மெஷின் சத்தம் நின்றது.

“என் தம்பிதாங்க அடுக்கினான்!” அக்கா ஊசியோடு வெளியே வந்தாள். “அதனாலதான் நீங்க நனையாம நின்னு பேசிட்டிருக்கீங்க.”