சொட்டிய இடம் வேறு

பழைய கார்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்பதால் அந்த மெக்கானிக்குக்குக் ‘கிழவி டாக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. “கிழவிங்க பொய் சொல்லமாட்டாங்கப்பா, எங்கே வலிக்குதோ அங்கேயே ஒழுகும்” என்று சிரிப்பார்.

அந்த நம்பிக்கைதான் ஒரு நர்ஸின் விஷயத்தில் அவர் காலை வாரிவிட்டது.

நர்ஸின் கார் ஐம்பது வருஷத்துப் பழசு. படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டுகிறது என்று ஓட்டிவந்தாள். அன்றைக்குப் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. கிழவி டாக்டர் குனிந்து பார்த்தார். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கியது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

“பின்பக்க ஆயில் சீல், அதான் ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் வளையம், போயிடுச்சு சிஸ்டர். சீல் ஒண்ணும் பெரிய விலை இல்ல. ஆனா அதைத் தொடணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும். கூலிதான் ஆளைக் கொல்லும்.”

அவர் சொன்ன தொகை அவளுடைய மாதச் சம்பளத்தைத் தாண்டியது. திரும்பிப் போனவள், இரண்டு நாள் கழித்து முழுப் பணத்தோடு வந்தாள்.

“எங்கே புரட்டினீங்க?”

“பொண்ணோட ஸ்கூட்டரை வித்துட்டேன்.”

கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்சைக் கழற்றி, டார்ச் அடித்து, சீலைச் சுற்றி விரலால் துழாவினார். விரலில் ஒட்டியது வெறும் தூசி. எழுந்து இஞ்சினின் மேல்மூடிக்குப் பின்னால் கையை விட்டார். கை முழுக்க ஆயில். மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் அட்டை உளுத்துப்போய், ஆயில் இஞ்சினின் முதுகு வழியாக இறங்கிக் கீழே வந்து தொங்கியிருக்கிறது. பேக்கிங்கின் விலை டீச்செலவுக்குக்கூடக் காணாது. கழுவிவிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பட்டறையில் பங்கு வைத்திருந்த மாமா, அவருடைய அக்கா வீட்டுக்காரர், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மாப்ளே, புது சீலையும் போடு, பேக்கிங்கையும் மாத்து. ஒழுகல் நிக்கும். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? வந்த பணத்துல பாதியை நேத்தே வாடகைக்குக் கட்டிட்டேன், ஞாபகம் வச்சுக்கோ.”

பதில் சொல்வதற்குள் நர்ஸ் யூனிஃபார்மோடு உள்ளே வந்துவிட்டாள். “முடிஞ்சுதா அண்ணே?”

மாமா கண்ணாலேயே மிரட்டினார். கிழவி டாக்டர் அவரைப் பார்க்காமல் நர்ஸிடம் திரும்பினார்.

“நான் தப்பா சொல்லிட்டேன் சிஸ்டர். சீல் நல்லாத்தான் இருக்கு.”

நடந்ததை முழுக்கச் சொன்னார். அவள் வெடித்தாள்.

“வயித்தைக் கிழிச்சுப் பார்த்துட்டு, வியாதி காதுலன்னு எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? என் பொண்ணு என்கூடப் பேச்சையே நிறுத்திட்டா!”

மாமா கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு வெளியேறினார்.

கிழவி டாக்டர் பேக்கிங்குக்கு மட்டும் காசை எடுத்துக்கொண்டு, குறைந்ததை மனைவியின் சேமிப்பிலிருந்து வாங்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்கூட்டரை வாங்கியிருந்த மின்சாமான் கடைக்காரரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பிடிகொடுக்கவில்லை.

“வித்தது வித்ததுதான். திரும்ப வேணும்னா நான் குடுத்ததுக்கு மேல போட்டுக் குடுங்க.”

வாசலில் அவருடைய சரக்கு வேன் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. பழைய கார் தவிர எதையும் தொடாத கிழவி டாக்டர் அதைப் பார்த்தார். “மேல போட எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க. அந்த வேனைக் கூலி இல்லாம சரிபண்ணித் தர்றேன். சாவியைக் குடுங்க.”

கடைக்காரர் வெகுநேரம் இழுத்தடித்துவிட்டுத்தான் சாவியை நீட்டினார். நர்ஸ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நர்ஸ் காரை எடுக்க வந்த அன்று மாமாவும் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஞ்சினை ஓடவிட்டு, அவளே தரையில் மண்டியிட்டாள். டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். அவள் எழ மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முன்பு சொட்டு தொங்கிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“சரி” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப்போனாள்.