டிங்கரின் தவக்காலம்

நசுங்கிய கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய தொழில். எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். கோபம் வந்தால் தகரத்துக்கும் தாடைக்கும் வித்தியாசம் பார்க்காத கை. ஒரே தங்கை பெந்தெகொஸ்தேக்காரரைக் கட்டிக்கொண்டு, கத்தோலிக்கக் கோயிலை விட்டு, தொட்டியில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்ற அன்று, ஈரத் தலையோடு நின்ற அவள் கண்ணெதிரே மாப்பிள்ளையின் முன்பற்கள் இரண்டை உடைத்தார். சுத்தியலால் அடித்ததாகப் பின்னாளில் சிலர் சொன்னார்கள். அது சரியல்ல; வெறுங்கைதான். அதன்பின் தங்கை அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

அந்த ஆண்டு கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே என மூன்று சபையாரும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் சேர்ந்து வேதம் படிப்பதென்று முடிவாயிற்று. பெந்தெகொஸ்தே சபையில் தவக்காலமே கிடையாது, இருந்தும் வந்தார்கள். தங்கையும் வருகிறாள் என்று தெரிந்ததும் டிங்கர் விரல்களில் ஒட்டிய பெயின்ட்டை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டு கிளம்பினார். வேதத்துக்காக அல்ல. அவள் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும்.

ஒவ்வொரு மேசையிலும் மூன்று சபையாரும் கலந்து உட்கார வேண்டும் என்பது விதி. அப்படித்தான் ஒரு வெள்ளியன்று தங்கையும் அவள் கணவரும் டிங்கருக்கு எதிரே அமர நேர்ந்தது. பக்கத்தில் டிங்கரின் கோயில் நண்பரான தச்சர். நடத்தியவர் லுத்தரன் சபை டீச்சர். கைதான இயேசுவைக் காவலன் கன்னத்தில் அறையும் பகுதி. இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாசித்தார்கள். வார்த்தைகள் ஒத்துப்போகவில்லை, அறை மட்டும் ஒத்துப்போனது.

“அறைஞ்சவன் அப்புறம் என்ன ஆனான்னு எழுதலையே டீச்சர்,” என்றார் டிங்கர், தலை நிமிராமல்.

“ராத்திரி கை வலிச்சிருக்கும் மச்சான்,” என்றார் தங்கையின் கணவர்.

தங்கையின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. டிங்கர் அதைப் பார்த்துவிட்டார்.

தச்சர் சும்மா இருந்திருக்கலாம். “உங்க தொட்டியில முக்குனதுல பாவம் போச்சோ என்னவோ, இந்தப் பொண்ணுக்குப் பொறந்த வீடு போச்சு,” என்றார்.

மேசை கவிழ்ந்தது. டிங்கர் அவரைக் காலரோடு பிடித்துச் சுவரில் மோதினார். முதல் குத்தில் மூக்கெலும்பு நொறுங்கியது. அடுத்ததில் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது.

“என் தங்கச்சியப் பேசுவியாடா?”

தச்சர் நாற்காலியைத் தூக்கி விலாவில் இறக்கினார். டிங்கருக்கு உறைக்கவே இல்லை. மறுபடி கை ஓங்கியபோது, “வேணாம் மச்சான்” என்று தங்கையின் கணவர் குறுக்கே விழுந்தார். குத்து அவர் வாயில் இறங்கியது. கவிழ்ந்த மேசைமேல் சரிந்தார்.

தங்கை மண்டியிட்டு, புடவைத் தலைப்பால் கணவரின் வாயை அழுத்திப் பிடித்தாள். தலைப்பு நனைந்து சிவந்தது.

“உனக்காகத்தாம்மா,” என்றார் டிங்கர்.

“அன்னைக்கும் எனக்காகன்னுதான் சொன்ன. இனிமே என்னைச் சொல்லி யாரையும் அடிக்காத. வெளிய போ அண்ணா.”

டிங்கர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். மூச்சு இழுக்கும்போது விலா குத்தியது. போலீஸ் வந்ததும், இரண்டு பேரையும் அடித்தது நான்தான் என்றார்.

“எதுக்குய்யா அடிச்ச?”

தங்கச்சிக்காக என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

“எனக்குக் கோவம் வந்துச்சு சார். அவ்வளவுதான்.”