சோபாக்காரரின் நான்கு கீழ்ப்பற்கள்

சென்ற ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு ஒரு பல் மருத்துவமனை இழைத்த தவறு இது: சோபா தைப்பவர் ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அவர் சீட்டில் ‘புகையிலைப் பழக்கம் உண்டு, ஈறு அறுவை பலன் தராது, கீழ் முன்பற்கள் நான்கையும் எடுக்கவும்’ என்று எழுதியது. அவர் வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. சீட்டு பத்திரமாக இருக்கிறது.

பற்கள் ஆடியது உண்மை. சீட்டைப் படித்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முப்பது வருஷமா எனக்குத் தெரியாம எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“உனக்குத் தெரியாம நான் மூச்சாவது விட்டிருக்கேனா?”

பற்களைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்க, எல்லாச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கிய கோப்போடு ஓர் ஈறு மருத்துவரிடம் போனார். அந்த அம்மாள் கோப்பை முழுதும் படித்தார்.

“புகையிலை இல்லன்னா, பல்லுல இந்தக் கறுப்பு எப்படி வந்துச்சு?”

சோபாக்காரர் யோசித்தார். யோசிக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல, சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு ஆணியை எடுத்துக் கீழ்ப்பற்களில் கவ்விக்கொண்டார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, முதல்ல அதத் துப்புங்க.”

சுத்தியல் ஒரு கையில், துணி மறு கையில். ஆணிக்கு இடம் வாய்தான். நாளொன்றுக்கு இருநூறு ஆணிகள்.

“அழுக்கு படிஞ்சு எலும்பு கரைஞ்சிருக்கு. போதாக்குறைக்கு ஆணி வேற குத்தியிருக்கு. ஈறைத் திறந்து, வேரைச் சுரண்டி, பள்ளத்துல எலும்புத்தூள் வச்சுத் தைக்கணும்.”

“உறையைப் பிரிச்சு, பழசை அள்ளிட்டு, புதுசா அடைச்சுத் தைக்கிறது. நம்ம வேலைதாம்மா. தையல் மட்டும் நெருக்கமா போடுங்க.”

“போடுறேன். ஆனா இனிமே வாயில ஆணி வைக்கக் கூடாது.”

அறுவை முடிந்து பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் பெருமளவு தூர்ந்திருந்தது, பற்கள் ஆடாமல் நின்றுவிட்டன. ஆணிகள் ஒட்டிக்கொள்ள, அவர் சட்டைக் கையில் மனைவி ஒரு காந்தம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இன்னமும் ஆணியோடு கை வாய்க்குப் போகும். மனைவி தொண்டையைக் கனைத்தால் காந்தத்துக்குத் திரும்பும். மாலையில் சோபாக்காரர் கேரட் கடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

அவருக்கு வேறு மனக்குறை இல்லை. ஆனால் அந்த ஒரு வரி மருத்துவமனைப் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது. நாளை அதை நம்பி இன்னொருவர் குறடை எடுக்கலாம். எனவே அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களின் நகல்களையும் ஓர் ஆணியையும் இணைத்து, அந்த மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அவ்வரியை நீக்கி, நீக்கிய விவரத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வது பதிலாகாது.