சாமித்தம்பி சுரண்டிய வால்வெள்ளி

கல்லடிப் பாலத்தடியில் படக்கடை வைத்திருந்த சாமித்தம்பியிடம் போய் நின்றால் பத்து வயது குறைத்துத் தருவார் என்பது ஊரறிந்த விஷயம். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அசையாம இருங்க" என்று சொல்லி ஒரு படம் எடுப்பார். அதுவரை எல்லாப் படக்காரரும் செய்கிற வேலைதான். வித்தை அதற்குப் பிறகு நடக்கும். கண்ணாடித் தகட்டில் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் மாறித் தெரியுமே, அந்தத் தகட்டை யன்னலோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, அம்மைத் தழும்பைப் பென்சிலால் நிரப்புவார். நரைமயிரைப் பேனாக்கத்தி நுனியால் ஒவ்வொன்றாகச் சுரண்டுவார். நெற்றியில் வழியும் எண்ணெய்ப் பளபளப்பையும் விடமாட்டார். ஊர்த் தலைமைக்காரரான அறுபது வயது விதானையார் ஒருவர் தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது மகனுடைய படம், என்னுடையதைத் தாரும் என்று சண்டைக்குப் போனாராம்.

இத்தனையும் செய்துவிட்டு, தன்னைப்போல உண்மையானவன் இந்த வாவிக்கரையிலேயே இல்லை என்று மனசார நம்பிய மனிதர் அவர். ஆளை மாற்றவில்லை, அழுக்கைத்தானே எடுத்தேன் என்பார். இந்த நியாயத்தை அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை இருபத்திரண்டு வருடங்களாகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தார்.

1947ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில், மழை இரண்டு நாள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, வாவிக்கு மேலே தென்மேற்கில் வால்வெள்ளி ஒன்று வந்து நின்றது. ஊர் நடுங்கியது. வெள்ளம் வரும் என்றார்கள், வேளாண்மை அழியும் என்றார்கள், தலைவலி வந்தவனும் வால்வெள்ளியைத்தான் திட்டினான். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சாமித்தம்பி. பொழுது பட்டதும் பாலத்தில் போய் நின்றுகொண்டு, கலியாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தார்.

வீட்டிலோ உண்மையிலேயே ஒரு கலியாணப் பெண் இருந்தாள். மகள் நேசம்மாவுக்கும் வாத்தியார் நல்லரத்தினத்துக்கும் கார்த்திகை இருபத்தெட்டில் தாலிகட்டு. மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை ஆளனுப்பிச் சொல்லிவிட்டார், வால்வெள்ளி நிற்கும்வரை தாலியில்லை என்று. அடுத்து வருவது மார்கழி, அதில் யாரும் கலியாணம் செய்வதில்லை. தைக்குத் தள்ளிப்போட்டால் கை நழுவிப் போகும், ஏனென்றால் செட்டிபாளையத்தில் ஒரு வீட்டார் இதே மாப்பிள்ளைக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நேசம்மா அழுது அழுது முகம் வீங்கிப் போனாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீதேவிப்பிள்ளை வால்வெள்ளியைக் கண்டதேயில்லை. கண்ணுக்கு ஒரு சாணுக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்கு வெறும் புகை. அயலாரைக் கேட்டால் பாதிப்பேர் போய்விட்டது என்றார்கள், பாதிப்பேர் இரட்டிப்பாக வளர்ந்துவிட்டது என்றார்கள். சமாதானம் பேசப்போன சாமித்தம்பியிடம் அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"தம்பி, நீங்க படம் எடுக்கிற ஆள்தானே. வானத்தை எடுத்துக்கொண்டு வாங்க. நான் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துச் சொல்றன்."

சாமித்தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எடுக்க ஆசைப்பட்ட படம், அதையும் சம்பந்தியே கேட்கிறார். இலட்சுமிப்பிள்ளைக்கு உடனே மூளை வேலை செய்தது. கமெராவை வடக்குப் பக்கம் திருப்பி வெறும் வானத்தை எடுத்தால் காரியம் முடிந்தது என்றார். சாமித்தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. படம் என்றால் உண்மை என்றார். அந்த வாலின் அழகைப் பார்த்தால் சம்பந்தி அம்மாவே கையெடுத்துக் கும்பிட்டு நாள் குறிப்பார் என்றும் சொன்னார். இலட்சுமிப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அன்று மாலை வாவிக்கரையில் முக்காலியை ஊன்றினார். பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த காத்தான்குடிக் கச்சி முகம்மது, வியாபார நேரத்தில் தன்னுடைய பெற்றோமக்ஸை அணைத்துக் கொடுத்ததோடு, தூறல் விழாமல் குடையும் பிடித்தார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த சாமித்தம்பி, வாய்ப்பழக்கத்தில் வானத்தைப் பார்த்து, "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அசையாம இருங்க" என்றார். வால்வெள்ளி கேட்கவில்லை. அது மெல்ல மெல்ல வாவிப் பக்கம் இறங்க, இவரும் கமெராவை மயிரிழை மயிரிழையாக அதன் பின்னால் சாய்த்தபடி முந்நூறு வரை எண்ணினார். முடிக்கவும் மேகம் மூடவும் சரியாக இருந்தது. தகட்டைக் கழுவி, சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தார். தலை, வால், சுற்றிலும் நட்சத்திரங்கள், எல்லாம் அச்சொட்டாக விழுந்திருந்தன. கச்சி முகம்மதுவைக் கட்டிப்பிடித்து அழுதார்.

விடிந்ததும் வேலைக்கு உட்கார்ந்தார். யன்னலோரம் காயவைத்திருந்தவற்றில் நாலு தகடுகள் ஏறாவூரில் ஒரு வீட்டுக் கிழவர்களுடையவை. கை தன்பாட்டில் ஓடியது, மனமோ வால்வெள்ளிப் படத்துக்கு எப்படிச் சட்டம் போடலாம் என்று கணக்குப் போட்டது. ஐந்தாவது தகட்டை எடுத்தபோது, இந்த மனிதனுக்கு எவ்வளவு நரை என்று அலுத்துக்கொண்டார். பொடிப்பொடியாக இருந்த எண்ணெய்ப் பளபளப்பையெல்லாம் பேனாக்கத்தியால் எடுத்தார். நீளமாக ஒரு நரைக் கற்றை கிடந்தது, அதை வேரோடு சுரண்டினார். ஊதித் துடைத்துவிட்டு, இனி முகத்தைக் கவனிப்போம் என்று குனிந்தார்.

முகத்தைக் காணவில்லை.

அந்தக் காலையில் சாமித்தம்பி போட்ட சத்தத்துக்குக் கச்சி முகம்மது அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தாராம். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது, வானம் திறக்கிற அறிகுறியே இல்லை. முப்பது வருடத் தொழிலில் தனக்கென்று எடுத்த ஒரே படத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, சாமித்தம்பி சின்னப்பிள்ளைபோலத் தேம்பினார். பாவம் மனிதர். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமலிருக்கவும் முடியவில்லை.

இலட்சுமிப்பிள்ளை ஒன்றும் தேம்பவில்லை. அந்தத் தகட்டிலிருந்தே காகிதத்தில் ஒரு படம் போடச்சொல்லி, காய்ந்தும் காயாததுமாக எடுத்துக்கொண்டு, கணவரையும் குடைக்குள் இழுத்துப்போட்டுச் சம்பந்தி வீட்டுக்கு நடந்தார். வழி நெடுக ஒரே உபதேசம்தான். வாயைத் திறக்கக்கூடாது.

சீதேவிப்பிள்ளை படத்தை மூக்கில் முட்டுகிறமாதிரிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தார். மையிருட்டு. ஒன்றுமில்லையே, போய்விட்டதே என்று முகம் மலர்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். உண்மையான மனிதர் அல்லவா, சாமித்தம்பிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"அக்கா, அது போகயில்ல. இருந்தது. நான்தான் தெரியாமச் சுரண்டி எடுத்துப்போட்டன்."

இலட்சுமிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சீதேவிப்பிள்ளை எதால் சுரண்டினீர்கள் என்று விசாரித்தார். சாமித்தம்பி மடியிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து நீட்டினார். அதையும் அவர் மூக்கில் முட்டுகிறமாதிரிப் பிடித்துப் பார்த்தார்.

"இதால சுரண்டினாப் போற சாமானுக்கா தம்பி நான் மூண்டு நாளா நித்திரையில்லாமக் கிடந்தன்? மறுகா என்ன பயம்? குறிச்ச நாளிலேயே தாலியக் கட்டுவம்."

சாமித்தம்பிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அது எப்பேர்ப்பட்ட வால்வெள்ளி! இந்த வாவி முழுவதையும் எடுத்து அதன் வாலில் கட்டினாலும் தெரியாதே. அதைப் படத்தில் பிடித்த ஒரு மனிதன் இங்கே நிற்கிறானே. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். வீங்கிய முகத்தோடு வீட்டு வாசலில் காத்திருக்கும் நேசம்மா நினைவுக்கு வந்தாள்.

"அவ்வளவு சின்னதா தம்பி அது?" என்று கேட்டார் சீதேவிப்பிள்ளை.

சாமித்தம்பி பேனாக்கத்தியைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"ஓம் அக்கா," என்றார். "பெரிசா ஒண்டுமில்ல."