நீராவிக்குள் போன சைலஸும் தூத்துக்குடி ஜெயலீலாவும்

கல்யாணத்துக்கு முன்பு ஜெயலீலா சரக்குக் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். கணவர் கிருபைராஜின் சாஃப்ட்வேர் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தபோது, அவளுடைய விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது என்றார்கள். மகள் ரெபெக்கா பிறந்தாள். குழந்தை வளர்ப்பு, சர்ச், சமையல் என்று வருடங்கள் ஓடின.

ரெபெக்காவின் பள்ளிக்கூட ட்ரிப்புக்குத் துணையாக ஆற்றோரத்து மியூசியம் ஒன்றுக்குப் போனாள். அங்கே அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிப் படகு ஒன்றின் நீராவி இன்ஜின் துருவேறி நின்றது. அந்தப் படகின் இன்ஜினியர் சைலஸ் கார்வரைப் பற்றிச் சுவரில் எழுதியிருந்தார்கள். குண்டடிபட்டு நீராவிக் குழாய் வெடித்ததும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓட, அவர் மட்டும் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். இரண்டு கைகளும் வெந்துபோயின. படகு தப்பியது. காயம் ஆறியதும் அதே இன்ஜினுக்குத் திரும்பினார்.

ஜெயலீலா அதை இரண்டு தடவை படித்தாள். அரபிக்கடலில் ஒருமுறை இன்ஜின் அறையில் தீப்பிடித்தபோது அவளும் உள்ளே இருந்தவள்தான்.

"இது ஓடுமா?" என்று மியூசியப் பொறுப்பாளர் மார்த்தாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாரும் முயற்சி செய்ததில்லை."

"நான் செய்கிறேன். சம்பளம் வேண்டாம்." சனிக்கிழமைகளில் வரச் சொன்னார் மார்த்தா.

வீட்டில் கிருபைராஜ் சிரித்தார். "துருப்பிடிச்ச இரும்ப வச்சு என்ன பண்ணப் போற, லீலா?"

"ஓட வைக்கப் போறேங்க. சனிக்கிழமை ரெபெக்காவ ஸ்விம்மிங் கிளாஸுக்கு நீங்க டிராப் பண்ணணும்."

அவர் மறுக்கவில்லை.

குளிர்காலம் முழுக்கத் துருவைச் சுரண்டினாள். பாய்லர் இன்னும் சரியாகாததால், கோடையில் அவளும் மார்த்தாவும் நீராவிக்குப் பதிலாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்ஜின் அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் வால்வுத் தண்டு லேசாக வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி மாட்ட இன்னும் சில வாரங்கள் ஆயின. அடுத்த முறை பிஸ்டன் முனகியது, தயங்கியது, பிறகு பெரிய சக்கரத்தை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"அம்மா, யூ டிட் தட்?" என்றாள் ரெபெக்கா.

"ஆமாடி!" ஜெயலீலா கிரீஸ் கையோடு அவளை அணைத்துக்கொண்டாள்.

வொர்க் பர்மிட் வந்ததும் படகு ரிப்பேர் பட்டறை ஒன்றில் அப்ளை செய்தாள். இன்டர்வியூவில், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். இன்ஜின் சுற்றும் வீடியோவைக் காட்டினாள். இரண்டாம் முறை போடச் சொன்னார்கள். எந்த வளைவை எப்படி நிமிர்த்தினாள் என்று விவரம் கேட்டார்கள். பேச்சு முடிவதற்குள் சேஃப்டி ஷூ அளவையும் கேட்டுவிட்டார்கள்.

இப்போது வாரநாட்களில் பட்டறை. சனிக்கிழமைகளில் மியூசியத்தை அவள் விடவில்லை. அங்கே பாய்லர் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.