உதவித்தொகைக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்.

கொளஞ்சியப்பன் என் தாய்மாமன். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இரண்டு காணி நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தார். அது அரை வயிற்றுக்குத்தான் காணும். மாசி, பங்குனி வந்தால் மணலூர்பேட்டை சாலையில் புளியமரங்களை ஏலம் எடுத்தவர்களுக்காக ஏறி உலுக்கப் போவார். மரத்துக்கு மரம் பட்டையில் எண் போட்டிருக்கும். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்த எண்கள் மட்டும் தெரியும். "நாப்பத்தொண்ணுல காய் ஜாஸ்தி, நாப்பத்திரெண்டு சோம்பேறி" என்று சம்பந்தி வீட்டாரைப் பேசுவதுபோல் மரங்களைப் பேசுவார்.

அப்படிப்பட்டவர்தான் எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, முதல் நாளே நாற்பத்தொன்றை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார். அவருக்குச் சோறு போட்ட மரம் அது. ஏன் வெட்டினார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "இவன் ஒருத்தன் போனா போதுமா? இவன் பின்னால பத்து பேரு போவ வாணாமா?" என்பார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கடலூர் சிறையில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தது.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன்.

எனக்கு அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. கட்டணம், புத்தகம், பஸ் எல்லாம் அதில்தான். எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலாண்டுப் பாடங்கள் அத்தனையிலும் தேறினால்தான் இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். ஏதாவது ஒன்றில் போனால் செப்டம்பரில் அரியர் எழுதித் தேறிக்கொள்ளலாம். அதிலும் தவறினால் நின்றுவிடும். நான் கணக்கில் போயிருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

அரியர் பரீட்சை பதினான்காம் தேதி, திங்கட்கிழமை. இரண்டு பஸ் மாறிக் கல்லூரி வாசல்வரை போனேன். சட்டைப்பையில் ஹால் டிக்கெட் இருந்தது. கோடை முழுக்கப் புத்தகத்தைத் திறக்காதவனுக்கு உள்ளே என்ன வேலை? இரண்டாம் முறையும் தோற்பதைவிட எழுதாமலே இருப்பது கௌரவம் என்று தோன்றியது. திரும்பி நடந்து, மேட்னி ஷோ பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறியல் தொடங்கியது அந்த வியாழக்கிழமைதான்.

நவம்பரில் உதவித்தொகை நின்றது. அம்மா ஏன் என்று கேட்டாள். பொய் தானாக வாயில் வந்தது. "ஒரு பரீட்சை திரும்ப எழுத வேண்டி இருந்திச்சி. மறியல்ல பஸ் ஓடல, போவ முடியல." சொல்லி முடித்ததும் எனக்கே அது உண்மைபோல இருந்தது. வெட்கப்படுவதற்குப் பதிலாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாமா ஜாமீனில் வந்திருந்த சமயம். செய்தி அவர் காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"மாப்ள, நான் சாச்ச மரத்தால உம் படிப்பு போச்சா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை அவர் தலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கி காலேஜுக்குப் போலாம், வா" என்றார்.

மறுநாள் வெளுத்த வேட்டியோடு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பஸ்ஸில் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. பையில் என்ன என்று எனக்குக் கல்லூரி அலுவலகத்தில்தான் தெரிந்தது. அவர்மேல் போட்ட எஃப்.ஐ.ஆர். நகலும், சிறையிலிருந்து விட்டபோது தந்த காகிதமும். மற்றவர்கள் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் நீட்டுகிற மேசையில், மாமா தன் குற்றத்தை அரசாங்க முத்திரையோடு நீட்டினார்.

உதவித்தொகைப் பிரிவில் செந்தமிழ்ச்செல்வி என்கிற அம்மா இருந்தார்.

"ரோட்ட மறிச்சவன் நான்தாங்க. இதுல எழுதிக்கீது பாருங்க. இந்தப் புள்ள பரீட்சைக்கு வர முடியாம போனதுக்கு நான்தான் காரணம். எனக்கு இன்னா தண்டன குடுத்தாலும் குடுங்க. அவன் பணத்த நிறுத்தாதீங்க."

அந்த அம்மா காகிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்த நொடியிலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

"ஐயா, நீங்க மரம் வெட்டினது பதினேழாம் தேதி, வியாழக்கிழமைன்னு இதுல இருக்கு. தம்பிக்குப் பரீட்சை திங்கக்கிழமையே முடிஞ்சிடுச்சிங்களே. அன்னிக்கு மத்த பசங்க எல்லாம் வந்து எழுதியிருக்காங்க."

மாமா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போலீசு தப்பா எழுதிட்டாங்கம்மா. நான் திங்கக்கிழமையே வெட்டிட்டேன். அப்படியே எழுதிக்குங்க" என்றார்.

ஜாமீனில் இருக்கிற மனுஷன். பொய் என்று தெரிந்தே தன் வழக்கில் மூன்று நாளைக் கூட்டிக்கொண்டார். நாலு பேர் இருந்த அறையில் நான் பொய்யன் ஆகிவிடக் கூடாதென்று அவர் பொய்யர் ஆனார்.

அந்த அம்மா காகிதங்களை மடித்து அவரிடமே கொடுத்தார். "இத பத்திரமா வச்சிக்குங்க ஐயா. தம்பி ஏப்ரல்ல எழுதித் தேறட்டும். அதுக்கப்புறம் மனு போடச் சொல்லுங்க."

திரும்பி வரும் வழியில் மாமா இரண்டே வார்த்தைதான் கேட்டார். "ஏப்ரல்ல எழுதுவியா?" எழுதுவேன் என்றேன். எழுதினேன், தேறினேன், உதவித்தொகையும் மறுபடி வந்தது. இடையில் நின்றுபோன கட்டணத்தை அவர்தான் கட்டினார். எப்படிக் கட்டினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் ஒதுக்கீடும் வந்தது, அதில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் தேவலை. கல்யாணம், காதுகுத்து என்று சொந்தபந்தம் கூடும் இடத்திலெல்லாம், "நான் மரத்த வெட்டி எம் மாப்ள படிப்ப ஒரு வருசம் கெடுத்துட்டேன்" என்று அவரே ஆரம்பிப்பார். வேறு யாரும் வேறு கதை சொல்லிவிடாமல் முப்பது வருஷம் காவல் காத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனசு படைத்தவன்போலத் தலையாட்டுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மாமா இறந்தார். கருமாதி முடிந்த மத்தியானம், அவர் மகன் சுபாஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மச்சான், அப்பா கடைசி வரிக்கும் உன் படிப்பதான் சொல்லிக்கினு இருந்தாரு. அவுரு தெரியாம செஞ்சிட்டாரு. மனசுல வச்சிக்காத. அவர மன்னிச்சிடு."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேன், வுடு" என்றேன்.